கத்தரிக்கோல் யார் கையில்?

மேனாட்டார் கதைகளிலே கீழைத்தேயப் பெண் பெரும்பாலும் சாவதற்கென்றே வருகிறாள். இத்தாலியரான புச்சீனி இசையமைத்து, 1904ஆம் ஆண்டில் மிலான் நகரில் அரங்கேறிய 'மடம் பட்டர்பிளை' என்னும் இசைநாடகத்தைப் பாருங்கள். நாகசாகியிலே பதினைந்து வயதுப் பேதை ஒருத்தி அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவனை மணக்கிறாள். பிரிந்து போனவன் வேறொரு மனைவியோடு திரும்பி வருகிறான். பெற்ற பிள்ளையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தந்தையின் குறுவாளினால் அவள் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

சினிமாவும் இக்கதையை விடவில்லை. 1922இல் வந்த ஊமைப்படம் ஒன்றிலே நாடு சீனாவாயிற்று. கதாநாயகி கடலில் வீழ்ந்து மடிந்தாள். அவ்வேடம் பூண்ட அன்னா மே வொங் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்தவர். ஆயினும், பின்னரும் அவருக்குப் பெரும்பாலும் வாய்த்தவை அபலை வேடமும், அதற்கு மாறாகக் கொலைக்கஞ்சாத வஞ்சகி வேடமுமே.

புச்சீனியின் இசை இனியது; கேட்டு நானும் கண்கலங்கியதுண்டு. ஆனால், வாள் அவள் கையிலன்றோ இருக்கிறது! அழுதுவிட்டு வீடு திரும்பும் எமக்கு அதில் யாதொரு பங்குமில்லை.

ஆயுதத்தைச் சபையோர் கையிலே கொடுத்தவர் யோகோ ஓனோ. 1933இல் தோக்கியோவிற் பிறந்த இவர், 1964இல் கியோத்தோவிலே முதன்முதலாக நிகழ்த்திய ஆற்றுகைக்குக் 'கட் பீஸ்' என்று பெயர். (நம் புடைவைக் கடைகளில் வழங்கும் அதே சொற்றான்.) நல்ல உடையணிந்து மேடையில் முழந்தாளிட்டு அமர்வார். முன்னே ஒரு கத்தரிக்கோல். விரும்பியவர் ஏறிவந்து உடையில் ஒரு துண்டை வெட்டிச் செல்லலாம். அவர் வாய் திறவார்.

1965இல் நியூயோர்க்கிலே, கார்னெகி மண்டபத்துச் சிற்றரங்கில் நிகழ்ந்ததற்குப் படச்சுருள் உண்டு. முதலில் வருவோர் கூச்சத்தோடு சிறுசிறு துணுக்குகளை வெட்டுகின்றனர். பின்னர் இளைஞன் ஒருவன் வருகிறான். உள்ளாடையைத் தாராளமாக வெட்டித் திறக்கிறான். மார்க்கச்சின் வார்களையும் அறுக்கிறான். ஓனோவின் கண்கள் ஒருகணம் அலைகின்றன. கைகள் மார்பை மூடிக்கொள்கின்றன. சபையிலே குரல்கள் கேட்கின்றன. எழுந்து தடுப்பார் ஒருவருமிலர்.

"இதுவும் ஒரு கலையா, சேர்?" என்று வகுப்பிலே மாணவன் ஒருவன் கேட்டான். "அந்தச் சபையிலே நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்றேன். அவன் விடை கூறாமல் அமர்ந்துவிட்டான். என்னிடமும் விடை இருக்கவில்லை.

2003இல், தமது எழுபதாம் வயதிலே, ஓனோ பாரிஸ் நகரில் மீண்டும் மேடையேறிக் கத்தரிக்கோலைச் சபைக்குக் கொடுத்தார். வெட்டிய துண்டை அன்புக்குரிய ஒருவருக்கு அனுப்புமாறு அப்பொழுது கேட்டுக்கொண்டார்.