மருந்து கொடுக்கும் கைக்கு மொழி வேண்டும்

அரசு மருத்துவமனை ஒன்றன் புறநோயர் பகுதியில், மருந்து கொடுக்கும் பலகணிக்கருகே காலையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். ஒரு நாட் கூலியை இழந்து வந்த வயல்வேலையாளர் கைநீட்டுகின்றார். நான்கு வகை மாத்திரைகள் தாளுறையில் விழுகின்றன. சீட்டில் இருப்பனவோ இலத்தீன் தொடர்களின் தலையெழுத்துகள். “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அடுத்த ஆள் வாங்க!” அவ்வளவே. வரிசை நீளமானது, மருந்தாளுநரை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

ஆனால், இதில் உயிர் அடங்கியிருக்கின்றது. மூட்டழற்சிக்குத் தரப்பெறும் மெத்தோதிரெக்சேட்டு என்னும் மருந்து கிழமைக்கு ஒரு நாள் மட்டும் உண்ணத்தக்கது. அதனை நாள்தோறும் உண்டுவிட்டால் வாயும் குடலும் புண்ணாகும், குருதியணுக்கள் உருவாதல் தடைப்படும், சாவும் நேரும். மூச்சிரைப்பு நோயர், மருந்துக் குழலை அழுத்துவதையும் மூச்சை இழுப்பதையும் ஒருங்கே செய்யாவிடில், மருந்தில் பெரும்பங்கு தொண்டையிலேயே படிந்து போகும். இவற்றை எவர் சொல்லித் தருவது?

நோயர்க்கு விளக்குவதற்கென்றே ஆளை உருவாக்கும் ஆறாண்டுப் படிப்பான ‘பார்ம். டி.’ 2008-இல் இந்தியாவிற்குள் வந்தது. அதன் இறுதியாண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சியே. மருந்தாளுநர் நோயர்க்கு அறிவுரை கூறுதல் வேண்டும் என்று 2015-இல் வெளிவந்த நடைமுறை விதிகளும் வகுத்துரைக்கின்றன. வகுப்பில் ஒரு மாணவர் நோயராகவும் மற்றொருவர் மருந்தாளுநராகவும் நடித்துப் பழகும் செயல்வழிக் கல்வியும் நல்லதே. கேட்டு எழுதி ஒப்பிப்பதைவிட, செய்து தவறித் திருத்திக் கொள்வது மனத்தில் நிற்கும். இதில் நமக்கு மாறுபாடில்லை.

நம் வினா வேறு. அந்த நடிப்பு எம்மொழியில் நடைபெறுகின்றது? நோயராக நடிக்கும் மாணவி ஆங்கிலத்தில் முறையிட, எதிரிலிருப்பவர் ஆங்கிலத்தில் ஆறுதல் கூறினால், அத்தகைய நோயர் நம் சிற்றூர்களில் எங்கே இருக்கின்றார்? நம் பாட்டி “நெஞ்சு கரிக்குது” என்பார். “கை மதமதங்குது” என்பார். “கால் குடையுது”, “வயிறு உளையுது”, “தலை கிறுகிறுக்குது” என்று ஒவ்வொன்றையும் பிரித்துரைப்பார். நோயின் குறிகளை இத்துணை நுட்பமாகப் பிரிக்கும் மொழியைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் ‘பெயின்’ என்னும் ஒரே சொல்லில் அடைத்துக் குறிக்கும் மாணவர் படித்தவரா, அப்பாட்டி படித்தவரா?

இன்னொன்று. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எவரும் தலையாட்டிவிடுவர். “வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்கம்மா” என்று கேட்டால்தான் பிழை வெளிப்படும். திருப்பிச் சொல்லச் செய்யும் இம்முறையை உலகெங்கும் கற்பிக்கின்றனர். நோயரின் மொழியறியாதவர் இதனைச் செய்தல் எங்ஙனம்?

தமிழில் இயலாது என்பார்க்கு ஒரு செய்தி. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்து, நம் மொழியைக் கற்று, நம் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அவர் கலைச்சொற்களில் வடசொல் மிகுந்திருந்தது நமக்கு உவப்பன்று. ஆயினும் அயலவர் ஒருவர்க்கு அன்று இயன்றது, தமிழ் மண்ணிற் பிறந்த பேராசிரியர்க்கு இன்று இயலாது என்றால், குறை மொழியினிடத்தா இருக்கின்றது?

மருந்தியற் கல்லூரிகள் நோயர்க்கு விளக்கும் பயிற்சியையும் அதற்குரிய தேர்வையும் தமிழில் நடத்துக! மருந்துறையின்மேல் ‘கிழமைக்கு ஒரு நாள்’, ‘வெறும் வயிற்றில்’, ‘நாக்கினடியில்’ என்று தமிழில் அச்சிடுக! எழுதப் படிக்கத் தெரியாதார்க்குக் கதிரவனும் நிலவும் வரைந்து காட்டுக! தோழர்களே, உங்கள் ஊர்க் கல்லூரி முதல்வர்க்கு இதனைக் கேட்டு மடல் எழுதுங்கள். வரும் விடைகளை, விடை வராமையையுங்கூட, இவ்விதழில் வெளியிடுவோம்.