பிள்ளைகள் பேரைச் சொல்லாதீர்கள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் நகைக் கடன் கொடுக்கிற இடங்களில் போய்ப் பாருங்கள். அங்கே நிற்பவர்கள் நம்மைப் போன்ற பெற்றோர்கள்தாம். முதல் தவணைக் கட்டணத்துக்காகச் சங்கிலியோ வளையலோ உள்ளே போகிறது. மாதாமாதம் வட்டி கட்டி, தீபாவளி போனஸில் மீட்டு, அடுத்த ஜூனில் மறுபடியும் அதே சங்கிலி அதே இடத்துக்குப் போகிறது. “என்னங்க பண்றது, கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. எல்லாம் பிள்ளைங்களுக்குத்தானே செலவாகுது” என்கிறோம். பள்ளி வாசலில் மணி அடிப்பதற்காகக் காத்திருக்கும்போது இந்தப் பேச்சு காதில் விழாத நாள் இல்லை. கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வருகிறது. பெற்றோர்களே, இந்தப் பேச்சை விடுங்கள். நம்முடைய அவசரத்துக்கும் சோம்பலுக்கும் கௌரவத்துக்கும் செலவழித்துவிட்டு, கணக்கை மட்டும் பிள்ளைகள் தலையில் எழுதுகிறோம்.

பள்ளி விட்டதும் என்ன நடக்கிறது? வாசலுக்கு எதிரே பெட்டிக்கடையில் சரம்சரமாகப் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. பிள்ளை வாய் திறந்து கேட்பதற்கு முன்பே நாம் வண்டியை ஓரம் கட்டுகிறோம். ஒரு பிள்ளைக்குப் பத்து ரூபாய்ப் பாக்கெட் ஒன்று, வீடு போனதும் இன்னொன்று. பத்து ரூபாய்தானே என்று தோன்றும். ஒரு நாளைக்கு 20, மாதத்துக்கு 600, வருடத்துக்கு 7,200. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் 14,400. ஜூன் மாதம் அடகு வைத்து வாங்கிய தொகையை இதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு காரியமும் செய்யுங்கள். அந்தப் பாக்கெட்டைத் திருப்பி, எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கிற இடத்தைப் படியுங்கள். அதற்குப் பக்கத்திலேயே, ஒரு கிராம் என்ன விலை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று சட்டம் போட்டு அச்சடிக்க வைத்த எண் அது. அதைப் படிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கிராம் 50 பைசா என்றால் கிலோ 500 ரூபாய். உருளைக்கிழங்கையும் எண்ணெயையும் உப்பையும் காற்றையும் கிலோ 500 ரூபாய்க்கு வாங்குகிறோம். அதே தெருமுனையில் வறுத்த கடலையும் பொட்டுக்கடலையும் பொரியும் அதில் பாதி விலைகூட இல்லை. கொண்டைக்கடலையை முதல் நாள் ராத்திரி ஊறப் போட்டால் மறுநாள் சாயங்காலம் சுண்டல் ஆகிவிடும். பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறதா? இரண்டு வயதிலிருந்து பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொடுத்தது யார்?

பாலில் கலக்குகிற பொடியையும் சொல்லியாக வேண்டும். மளிகைச் சீட்டில் அரிசிக்கு அடுத்து அதுதான் பெரிய தொகையாக இருக்கிறது பல வீடுகளில். பிள்ளை உயரமாக வளரும், படிப்பு ஏறும் என்கிற ஆசை நம்மைக் கடையில் அந்த அலமாரிக்கு இழுக்கிறது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணைய விற்பனைத் தளங்கள் இந்த மாதிரிப் பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது என்பதுதான் அதற்குக் காரணம். டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று படியுங்கள். கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைத்த மாவுக்கு ஆகிற செலவையும் கணக்குப் போடுங்கள். அந்த டப்பாவுக்குக் கொடுக்கிற காசை நல்ல பாலுக்கும் முட்டைக்கும் கொடுங்கள். அதைத்தான் பிள்ளைக்குச் செய்த செலவு என்று சொல்ல முடியும்.

அடுத்தது கைபேசி. மனசு பதறுகிற இடம் இதுதான். 2016-ல் யு.பி.ஐ. வந்தபோது பெரிய வசதி என்று கொண்டாடினோம், வசதிதான். ஆனால் கையிலிருந்து நோட்டு போகும்போது மனசு ஒரு நொடி தயங்குமே, அந்தத் தயக்கம் போய்விட்டது. இப்போது சின்னத் தொகைக்கு ரகசிய எண்கூடப் போட வேண்டாம், யு.பி.ஐ. லைட் என்று ஒரு வசதி வந்திருக்கிறது. அதில் போட்டு வைக்கிற மொத்தத் தொகை மட்டும்தான் வங்கிக் கணக்கில் ஒரு வரியாகத் தெரியும். டீக்கு 15, ஜூஸுக்கு 40, பேனாவுக்கு 20 என்று போனது எதுவும் பாஸ்புக்கில் வராது. அதனால் பாஸ்புக்கை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்குச் சரியாக இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். செயலியைத் திறந்து, போன மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை போன ஒவ்வொரு தொகையையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் கையால் எழுதுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் இதைக் கேட்டது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையா, நாமா? பிள்ளை என்று குறிக்க முடிகிற வரிகள் எவ்வளவு குறைவு என்று நீங்களே பார்ப்பீர்கள்.

பத்து நிமிடத்தில் வீட்டுக்கே வந்து சேர்கிற சரக்கும் அந்த நோட்டில் இருக்கும். கொத்தமல்லி மறந்துவிட்டது என்று போடுகிற ஆர்டரில் கொத்தமல்லி 15 ரூபாய், கையாளும் கட்டணம், டெலிவரி கட்டணம், கொஞ்சமாக வாங்கியதற்குத் தனியாக ஒரு கட்டணம். இலவச டெலிவரி வேண்டுமே என்று இன்னும் இரண்டு பொருளைச் சேர்க்கிறோம். எட்டு வயதுப் பிள்ளை இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறது. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு தடுமாறுகிற பிள்ளைக்குக் கார்ட்டில் சேர்ப்பது எப்படி என்று தெரிகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், நூடுல்ஸ், சோப்பு, பற்பசை எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைப்பு உங்கள் வீட்டில் மிச்சமாக நின்றதா, இல்லை கூட ஒரு பாக்கெட்டாக வந்ததா? நோட்டைப் பார்த்தே பதில் சொல்லுங்கள்.

அப்பாக்களிடம் தனியாக ஒரு வார்த்தை. வீட்டில் சிக்கனம் என்ற பேச்சு வந்தாலே அம்மாவின் சமையலறையில்தான் கை வைக்கிறோம். கடையில் மாவு வாங்காதே, வீட்டில் ஆட்டு என்கிறோம். ஆட்டுவது யார்? வேலைக்குப் போய்விட்டு ஆறரை மணிக்கு வந்து, உளுந்து ஊறப் போட்டு, கிரைண்டர் கழுவுவது யார்? ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் மூன்று கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும், பாக்கெட் மாவைவிட மலிவு என்பது உண்மை. அந்த மலிவு வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். அலுவலக வாசலில் நாளுக்கு நான்கு டீ, இரண்டு சிகரெட், வாரக் கடைசியில் டாஸ்மாக் என்று போகிற காசு வீட்டுக் கணக்கில் வருவதே இல்லை. அதை முதலில் நோட்டில் எழுதுங்கள். அதை எழுதாமல் மனைவியிடம் பருப்பு விலை கேட்கிற உரிமை நமக்கு இல்லை.

மின்சாரக் கட்டணத்தைப் பற்றி எல்லோரும் புலம்புகிறோம், அது எப்படிக் கணக்காகிறது என்று தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரைக்கும் பாதி விலைதான். 500-ஐத் தாண்டினால் அந்தப் பாதி விலைச் சலுகை பறிபோய்விடும், தாண்டிய யூனிட் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல். அதாவது 501-ஆவது யூனிட்டுக்காக மட்டும் உங்கள் பில் 200 ரூபாய்க்கு மேல் ஏறும். ரீடிங் எடுக்க வருவதற்கு ஒரு வாரம் முன்னால் மீட்டரை நாமே போய்ப் பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறது என்று ஏ.சி.யை 18-ல் வைக்கிறோம், நடுராத்திரியில் அதே பிள்ளைக்குப் போர்வை தேடுகிறோம். 26-ல் வைத்து மேலே மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், புதிய பி.எல்.டி.சி. வகை 30 வாட் அளவில்தான். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிற மூன்று மின்விசிறிகளை மாற்றினால் இரண்டு மாதத்தில் 100 யூனிட்டுக்குப் பக்கத்தில் மிச்சம். மூன்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், தவணையில் வாங்கவே வேண்டாம். கூடத்து மின்விசிறியை முதலில் மாற்றுங்கள்.

எங்கள் மதுரையில்தான் 1999 நவம்பர் 14 அன்று அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே வந்து விற்கிற இடம், அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். காலையில் ஏழு மணிக்குள் போனால் கீரையில் பனி ஈரம்கூட இருக்கும். அந்தத் தெருவிலேயே குடியிருந்துகொண்டு, பிளாஸ்டிக் தட்டில் ஒட்டி வைத்த நான்கு கத்திரிக்காயைக் குளிரூட்டிய கடையில் வாங்குகிறவர்களை என்ன சொல்வது? ரேஷனும் அப்படித்தான். துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. அட்டையை முகவரிச் சான்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு, நான்கு மடங்கு விலை கொடுத்துப் பருப்பு வாங்குகிறோம். யார் பார்த்துவிடுவார்கள் என்று இந்தக் கூச்சம்? அந்த வரிசையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள். பை பிடிக்கச் சொல்லுங்கள், மீதிச் சில்லறையை எண்ணச் சொல்லுங்கள்.

பிறந்தநாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு வேண்டியது நான்கு நண்பர்கள், ஒரு பாயசம், கொஞ்சம் சத்தம். ஹால், பலூன் வளைவு, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ரிட்டர்ன் கிஃப்ட் என்பது நாம் மற்றப் பெற்றோருக்குக் காட்டுவது. ஒரு வகுப்பில் பத்துப் பெற்றோர் சேர்ந்து ‘இந்த வருடம் யாரும் ரிட்டர்ன் கிஃப்ட் கொடுக்க வேண்டாம்’ என்று பேசி முடித்தால் அந்த வழக்கம் அந்த வகுப்பில் ஓய்ந்துவிடும். யாராவது ஒருவர் ஆரம்பித்தால் போதும், மற்றவர்களும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிக்கனம் என்று சொல்லிவிட்டுத் தவறான இடத்தில் வெட்டுகிற வீடுகளும் இருக்கின்றன. முட்டையை நிறுத்துகிறார்கள், பழத்தை நிறுத்துகிறார்கள், பல் வலியைப் பாராசிட்டமாலில் தள்ளிப் போடுகிறார்கள். கேபிளும் இரண்டு ஓ.டி.டி. சந்தாவும் அப்படியே ஓடுகின்றன. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பால், பருப்பு, முட்டை, கீரை, பழம், மருத்துவம் இவற்றில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. லீவு நாளில் மாலுக்குப் போகிற காசைக் குறையுங்கள். மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், சென்னை கோட்டூர்புரத்தில் 2010 முதல் இருக்கிற அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே பெரிய பகுதி இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. மற்ற ஊர்களிலும் கிளை நூலகம் இருக்கும், அங்கே உறுப்பினராவதற்கு ஒரு சினிமா டிக்கெட் காசு ஆகாது.

இன்னொன்றும் வேண்டும், பலர் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள் என்று தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு வீட்டு வருமானம் எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். சம்பளம் இவ்வளவு, வாடகை இவ்வளவு, பள்ளிக் கட்டணம் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று அந்த நோட்டைப் பிள்ளையின் முன்னால் திறந்து வையுங்கள். பிள்ளைக்கு ஏக்கம் வந்துவிடும் என்று பயப்படுகிறோம். கடன் வாங்கியதைக் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரியில் பேசுகிற நம் குரல் அதற்கு ஏற்கெனவே கேட்கிறது. கேட்டதற்கு அர்த்தம் தெரியாமல் பயந்து கிடப்பதைவிடக் கணக்குத் தெரிவது அதற்கு நிம்மதி.

மிச்சம் பிடித்த காசு சம்பளக் கணக்கிலேயே கிடந்தால் மறு வாரமே கரைந்துவிடும். அன்றைக்கே அதை எடுத்து வேறு இடத்தில் போட வேண்டும். பையனுக்கு அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயில்கூடத் தொடர் வைப்பு தொடங்கலாம். நீண்ட காலத்துக்கு என்றால் பி.பி.எஃப். இருக்கிறது. பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு. வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினால்கூடக் கணக்கு உயிரோடு இருக்கும், 2024 தொடக்கத்திலிருந்து வட்டி 8.2 சதவீதம், வட்டி விகிதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கிறது. பதினைந்து வருடம் பணம் போட வேண்டும், கணக்கு தொடங்கி இருபத்தோரு வருடத்தில் முதிர்வு, பதினெட்டு வயதுக்குப் பிறகு மேல்படிப்புக்கு இருப்பில் பாதி வரை எடுக்கலாம். இரண்டு பிள்ளைகளின் பாக்கெட் தீனிக் காசான மாதம் 1,200 ரூபாயில் 1,000-ஐ மட்டும் இதில் போட்டால், இதே வட்டி நீடித்தால், முடிவில் கையில் ஐந்தரை லட்சத்துக்குப் பக்கத்தில் வரும்.

அஞ்சலகத்துக்குப் போகும்போது குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் அட்டை, புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பத்து வயது நிறைவதற்குள் தொடங்கினால்தான் இந்தக் கணக்கு. ஒன்பது வயது மகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் அடுத்த சம்பளம் வரட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள், 250 ரூபாயோடு திங்கட்கிழமையே போய்விட்டு வாருங்கள்.