ரி.வி. திரையில் கறுப்புத் திட்டு

சென்ற இதழில் தையல் மெசினுக்கு எண்ணெய் விடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதன்பின் சந்தையிலும் மாதர் சங்கக் கூட்டத்திலும் கண்ட சகோதரிகள் சிலர் கேட்டது தொலைக்காட்சியைப் பற்றி. படம் ஓடிக்கொண்டிருக்கையில் திரையின் ஒரு பக்கம் நிழல் விழுந்ததுபோல இருட்டாகிறது. சில கிழமைகளில் இன்னொரு இடத்திலும் அப்படியே வருகிறது. கடைக்குக் கொண்டுபோனால், "பனல் போச்சு அக்கா, இனிப் புதுசுதான் எடுக்க வேணும்" என்கிறார்கள். அது உண்மையா என்பதே கேள்வி.

சில வேளைகளில் உண்மை. பல வேளைகளில் உண்மை இல்லை. எது எதுவென்பதை வீட்டிலேயே, ஒரு திருகாணியையும் கழற்றாமல், நீங்கள் ஓரளவு கண்டுகொள்ளலாம். புது ரி.வி. என்பது எங்களில் பலருக்குத் தவணைக் கடன். ஏற்கெனவே கிழமைக்குக் கிழமை நுண்கடன் கட்டுகிறவர்களுக்கு அது இன்னொரு சுமை. கடையில் ஒருவர் சொன்ன ஒரு வசனத்தை நம்பி அந்தச் சுமையை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

எல்.ஈ.டி. ரி.வி. என்று விற்கப்படும் பெட்டியில் முக்கியமாக இரண்டு பகுதிகள் உண்டு. முன்னால் இருப்பது படத்தைக் காட்டும் திரவப் படிகக் கண்ணாடி. பனல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வெளிச்சம் பின்னால் இருந்து வருகிறது. அங்கே நீளமான பட்டிகளில் சிறிய எல்.ஈ.டி. லைற்றுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு லைற்றின் மேலும் வெளிச்சத்தைப் பரப்ப ஒரு சிறு பிளாஸ்ரிக் வில்லை ஒட்டியிருக்கும். நத்தாருக்குக் கட்டும் நட்சத்திரக் கூட்டை நினைத்துப் பாருங்கள். உள்ளே நாலு பல்ப் போட்டு, அதில் ஒன்று அணைந்தால் கூட்டின் அந்தப் பக்கம் மங்கும். கடதாசி கிழிந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டோம்.

ஆகவே முதலில் திட்டைக் கூர்ந்து பாருங்கள். இரவில் வீட்டு லைற்றை அணைத்துவிட்டு, வெள்ளை நிறம் கூடிய ஒரு காட்சி வரும்போது பாருங்கள். திட்டுக்குள்ளும் படம் அசைவது மங்கலாகத் தெரிகிறதா? திட்டின் ஓரம் கோடு போட்டாற்போல் இல்லாமல், புகைபோலக் கரைந்து போகிறதா? அப்படியானால் கண்ணாடி நலமாக இருக்கிறது, பின்னால் உள்ள லைற்றுகளில் ஒன்றோ இரண்டோ போய்விட்டன என்று பெரும்பாலும் கொள்ளலாம். திருத்தக் கூடிய பழுது இது.

திட்டு மை கொட்டினாற்போல் கடுங்கறுப்பாக, ஓரம் தெளிவாக, உள்ளே படத்தின் அசுமாத்தமே இல்லாமல் இருந்தால் கதை வேறு. பந்து பட்டது, தூக்கும்போது விரல் அழுந்தியது, சாமான் ஏற்றிய லாண்ட்மாஸ்ரரில் படுக்க வைத்துக் கொண்டுவந்தது என்று ஒரு காரணம் பெரும்பாலும் இருக்கும். கண்ணாடி உள்ளே வெடித்துவிட்டது. வெளிப்பக்கம் தடவினால் வழுவழுப்பாகவே இருக்கும், அதை வைத்து ஏமாறவேண்டாம். இதற்குப் பனல் மாற்றத்தான் வேண்டும், அதற்குக் கேட்கும் விலை புதுப்பெட்டியின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். இங்கே கடைக்காரர் சொன்னது சரி.

இன்னுமொரு வகை உண்டு. சத்தம் நன்றாக வரும், படம் ஒரு கணம் தோன்றி மறைந்து திரை முழுவதும் இருண்டுவிடும். அப்போது அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைத் திரைக்குக் கிட்டப் பிடித்துச் சரிவாகப் பாருங்கள். வெளிச்சம் படும் இடத்தில் படம் மெல்லிதாகத் தெரிந்தால் பனல் வேலை செய்கிறது. பின்லைற்றோ அதற்கு மின் கொடுக்கும் பகுதியோதான் பழுது. திரையில் கறுப்புக்குப் பதிலாக வட்ட வட்டமாகப் பளிச்சென்ற வெள்ளைப் புள்ளிகள் வந்தால், நான் மேலே சொன்ன வில்லைகள் ஒட்டுவிட்டு விழுந்திருக்கின்றன. அதையும் திருத்தலாம்.

லைற்றுகள் ஏன் போகின்றன? முக்கிய காரணம் சூடு. தகரக் கூரையின் கீழ் மத்தியானத்தில் நாங்களே இருக்க முடியாமல் முற்றத்துக்கு வருகிறோம், பெட்டி அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு, கடையில் கண்ணைப் பறிப்பதற்காகத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பின்னும் அதை யாரும் குறைப்பதில்லை. செற்றிங்கில் 'பக்லைற்' என்று இருப்பதைப் பாதிக்குக் கொண்டுவந்தால் லைற்றுகள் கூடிய காலம் நிற்கும், கரண்ட் பில்லும் சிறிது இறங்கும். 'பிறைற்னெஸ்' என்பதைக் குறைப்பதால் பல பெட்டிகளில் இந்தப் பயன் கிடைக்காது, அது படத்தின் கறுப்பைத்தான் மாற்றும். மெனு விளங்காவிட்டால் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது ரி.வி.யில் பாடம் பார்த்த பிள்ளைகளுக்கு இது கைவந்த வேலை.

இதில் ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டில் ஆளரவம் கேட்கட்டும் என்று இரவிரவாக ரி.வி.யை ஓடவிட்டுப் படுக்கும் பெண்களை எனக்குத் தெரியும். போனவர் போனவராகவே இருக்க, தனியே பிள்ளைகளோடு காணியின் ஓரத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் ஒரு காவல். அதை நிற்பாட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் காவலுக்கு நிற்பது சத்தம்தான், படமல்ல. பல ரி.வி.களில் படத்தை மட்டும் அணைத்துச் சத்தத்தை விடும் வசதி உண்டு. 'பிக்சர் ஓஃப்' என்று செற்றிங்கில் இருக்கும். இல்லாவிட்டால் சிறிய றேடியோ ஒன்று போதும். பற்றரி கிடைக்காத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட சனம் நாங்கள்.

ஈரத் துணியால் திரையைத் துடைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தண்ணீர் கீழ் விளிம்பால் உள்ளே இறங்கினால் கோடுகள் விழும், அதற்கு மருந்தில்லை. உலர்ந்த மெல்லிய பருத்தித் துணி போதும்.

இனித் திருத்துபவரிடம் போவோம். சிறிய திட்டு என்றால் அவசரமில்லை. பக்லைற்றைக் குறைத்துக்கொண்டு, காசு சேரும்வரை பார்க்கலாம். எரிந்த மணம் வந்தால் மட்டும் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். பெட்டியை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே மின் தங்கியிருக்கும் இடங்கள் உண்டு.

கடைக்குப் போகும்போது, "தம்பி, ரி.வி. பழுது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "தம்பி, திட்டுக்குள்ள படம் தெரியுது, பின்லைற் பட்டி போயிருக்கும்போல கிடக்கு, பாத்துச் சொல்லுங்கோ" என்று சொல்லுங்கள். விபரம் தெரிந்த ஆள் என்று விளங்கினால் பேச்சு மாறும். போன ஒரேயொரு லைற்றை மட்டும் மாற்றுவதைவிட எல்லாப் பட்டிகளையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. மற்றவையும் அதே வயதுடையவை, அவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பட்டிகளை எடுப்பதற்கு மேலே உள்ள கண்ணாடியைக் கழற்றித் தூக்க வேண்டும், அது மிக மெல்லியது. தூக்கும்போது வெடித்தால் யார் பொறுப்பு என்பதை வேலை தொடங்கமுன் கேட்டு, துண்டில் எழுதி வாங்குங்கள். முழுச் செலவையும், எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும் அதே துண்டில் எழுதச் சொல்லுங்கள். பின்பக்கத்து ஒட்டுத்தாளில் உள்ள மாதிரி எண்ணையும் தொடர் எண்ணையும் போனில் படம் பிடித்து வையுங்கள். கழற்றிய பழைய பட்டிகளைத் திருப்பிக் கேளுங்கள், மாற்றியதற்கு அதுதான் சாட்சி. செலவு புதுப்பெட்டி விலையின் பாதியைத் தாண்டினால் நான் திருத்தமாட்டேன்.

வாங்கிய கடையின் உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் வேறெங்கும் திறக்கக் கொடுக்கவேண்டாம். பற்றுச்சீட்டோடு அங்கேயே போங்கள். தட்டிக்கழித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் காலம் கடத்தாமல் எழுத்தில் முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டின் மை சில மாதங்களில் மறைந்துவிடும், வாங்கிய அன்றே போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள்.

கண்ணாடி வெடித்த பெட்டியை, "இது குப்பை, வைச்சிட்டுப் போங்கோ அக்கா" என்று சொல்பவரிடம் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். அதன் மின் பலகை, பிரதான பலகை, ஸ்பீக்கர், நல்ல லைற் பட்டிகள் எல்லாவற்றுக்கும் திருத்தும் கடைகளில் தேவை உண்டு. இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.