நான்காமவர்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ எனப் பெயர் பெற்றது. எனினும் அதன் பத்துக் குறட்பாக்களுள் பெரும்பாலானவை உணவைப் பற்றியே பேசுகின்றன. இறுதிக் குறள், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. தம் உடல் தோற்றத்தை வெறுத்து, உணவை அஞ்சும் இளையோருக்கு இந்த நான்காமவரின் துணை மிகவும் தேவை. உளவியல் ஆலோசகராகப் பயிற்சி பெறுபவர் முதலில் கற்க வேண்டியது, அந்த நான்காமவராக இருப்பதையே.

உண்ண மறுப்பதைப் பிடிவாதம் என்றோ நாகரிக மோகம் என்றோ பலர் எண்ணுகின்றனர். அது பிழை. பிஜித் தீவின் நத்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. கட்டான, பருத்த உடலைப் போற்றிய சமூகம் அது. உணவு குறித்த மனப்போக்கில் கோளாறு மிகுந்த பள்ளி மாணவியர் அவ்வாண்டில் 12.7 விழுக்காட்டினராக இருந்தனர், 1998இல் 29.2 விழுக்காட்டினர் ஆயினர் என்று ஆன் பெக்கர் குழுவினரின் ஆய்வு காட்டியது. அழகின் அளவுகோல் கடல் கடந்தும் வந்து சேரும் என்பதற்கு இது சான்று. இன்று அந்தமானின் குட்வில் எஸ்டேட்டில் வாழும் மாணவியின் கையிலும், சென்னையில் வாழும் மாணவனின் கையிலும் இருப்பது ஒரே கைப்பேசித் திரைதான்.

பட்டினியும் மனத்தை மாற்றுகிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். உடலும் உள்ளமும் நலமாயிருந்த அவ்விளைஞர்கள், 24 வாரங்கள் உணவு குறைக்கப்பட்டதும் எரிச்சலுற்றனர். நண்பர்களை விட்டு விலகினர். இரவும் பகலும் உணவையே நினைத்தனர். எனவே, உண்ணாதிருப்பவரின் சிடுசிடுப்பைக் குணக்கேடு எனக் கொள்வது அறியாமை. அது பட்டினியின் விளைவாகவும் இருக்கலாம்.

ஆதலால், பயிற்சி ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே எடையைக் கேட்பதும் அறிவுரை கூறுவதும் பொருந்தா. “சாப்பாட்டு வேளை வரும்போது உனக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகச் செவிமடுப்பதே நன்று. புகழ்ச்சியிலும் கவனம் வேண்டும். நலம்பெற்று வரும் பெண்ணிடம் “உடம்பு தேறிவிட்டதே!” என்று நாம் அன்போடு கூறுகிறோம். அச்சொல் அவள் செவியில் “பருத்துவிட்டாய்” என்றே விழக்கூடும். “இன்று நன்றாகச் சிரித்துப் பேசினாய்” என்று கூறினால், உடலை அளக்காமலே அன்பைத் தெரிவிக்கலாம்.

எடையைப் பேசாமல் நோய் எவ்வாறு தீரும் எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. எடையையும் நாடித்துடிப்பையும் அளப்பது மருத்துவரின் கடமை. மயக்கமோ கடும் சோர்வோ கண்டால், அன்றே மருத்துவரிடம் அனுப்புவது ஆலோசகரின் கடமை. மாணவர் கூறியதை மறைபொருளாகக் காப்பது அறமே. ஆயினும் உயிருக்கு ஊறு நேரும் நிலையில் மறைத்தல் அறமாகாது. அந்த எல்லையை முதல் நாளிலேயே மாணவரிடம் தெளிவாகக் கூறிவிட வேண்டும்.

பெற்றோரைக் குற்றவாளிகளாக்குவதும் தவறு. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் வளர்ந்த சிகிச்சைமுறை, பெற்றோரையே துணைவராக்கி, பிள்ளையை மீண்டும் உண்ணச் செய்யும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கிறது. நான்காமவரின் பணியை ஆலோசகர் ஒருவரே தனித்துச் சுமக்க வேண்டியதில்லை. உணவு வேளையில் கடிந்துரைக்காமல் உடன் அமர்ந்து உண்ணும் தாயும், பருமனைக் கேலி செய்யாத வகுப்புத் தோழனும் அப்பணியில் பங்கு கொள்பவர்களே.