நுரை ஊசிக்குப் பின் நாளத்துக்குள்

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டுமென்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் திருத்தியது. பல்லாவரம் முதல் தாம்பரம் வரை துணிக்கடைகளில் நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஏற்கெனவே நாளம் சுருண்டுபோன கால்கள் நம்மிடம்தான் வந்தாக வேண்டும். அவர்களுக்கு நுரை ஊசி போடும் நாம், அதன் பிறகு நாளத்தின் சுவரில் நடப்பதைப் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் கவலை.

நாம் நுரையாக்கிச் செலுத்தும் சோடியம் டெட்ராடெசில் சல்பேட், பாலிடோகனால் இரண்டும் உட்படலச் செல்களின் சவ்வைக் கரைப்பவை. சேதம் நடு அடுக்குவரை எட்டினால் அழற்சி வந்து, நார்த்திசு வளர்ந்து, நாளம் கயிறாகச் சுருங்கும். உட்படலத்தோடு நின்றுவிட்டால் மிஞ்சுவது வெறும் உறைகட்டி. இரண்டாம் வாரத்து டாப்ளரில் இரண்டுமே அடைப்பாகத்தான் தெரியும்; உறைகட்டி மட்டும் பின்னர் கரைந்து வழி திறந்துவிடும். இரத்தத்தின் ஆல்புமின் மருந்தைச் செயலிழக்கச் செய்வதால்தான் காலை உயர்த்தி நாளத்தைக் காலியாக்குகிறோம். நுரை இரத்தத்தைத் தள்ளிக்கொண்டு போவதும் அதற்கே உதவுகிறது. நுரையோ கலந்த ஓரிரு நிமிடங்களில் உடையத் தொடங்கும். முன்கூட்டியே கலந்து வைப்பது வீண்.

தேங்கிய இரத்தத்தை இரண்டு மூன்று வாரங்களில் ஊசியால் வெளியேற்றாவிட்டால் இரும்புக்கறை தோலில் மாதக்கணக்கில் தங்கும். ஊசிக்குப் பின் அணிய வேண்டிய அழுத்தக் காலுறையைச் சித்திரை வெயிலில் யாரும் விரும்பிப் போடுவதில்லை. அதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

சிரை உருக்குறைபாட்டில் கணக்கே வேறு. அதன் சுவரில் மென்தசை திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். சுருங்கி மருந்தைப் பிடித்துவைக்கும் திறன் அதற்கில்லை. பல அமர்வுகள் தேவைப்படும், வலி குறைவதே நியாயமான இலக்கு. எத்தனால் ஆழமாக அழிக்கும். நரம்பையும் தோலையும் சேர்த்தே அழிக்கக்கூடும். எம்.ஆர்.ஐ., டி-டைமர் பார்க்காமல் இங்கே ஊசியை எடுக்கவே கூடாது.

குறிப்பாக, இளவயதினர் ஒருவர் தொடையின் வெளிப்பக்கம் புடைத்த நாளத்தோடும் சிவந்த பிறவி மச்சத்தோடும் வந்தால் கிளிப்பல்-ட்ரெனானே நோய்க்கூறை நினையுங்கள். ஆழ்நாளம் வளர்ச்சி குன்றியிருந்தால், நாம் அடைக்கப்போகும் அந்த நாளமே காலின் முக்கிய வடிகாலாக இருக்கலாம்.

மருந்தின் செறிவு, அளவு, காற்று விகிதம், ஆறாம் மாத ஸ்கேன் ஆகியவற்றோடு உங்கள் நோயாளர் பதிவுகளை அனுப்புங்கள். மீண்டும் வழி திறந்த நாளங்களின் பதிவுகளுக்கு இவ்விதழில் முதலிடம் உண்டு.