ரியாக்ட் தெரிந்தால் போதுமா?

ஆத்தூரில் பொறியியல் முடித்த பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: “பெங்களூர் போய் ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் பண்ணணும்ணா. இப்ப எல்லாரும் ரியாக்ட்தான் கேக்கறாங்க.” ரியாக்ட் போல, வலைத்தளம் கட்டப் புதிதாக வந்த கருவியைக் கையில் வைத்திருப்பவனே ப்ரோகிராமர் என்கிற நம்பிக்கை இது. நகையை அடகு வைத்துக் கோர்ஸுக்குப் பணம் கட்டுகிற அளவுக்கு வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. வலைத்தளம் கட்டிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது தவறான நம்பிக்கை. ஃபீஸ் வாங்குகிறவருக்குத்தான் இதில் லாபம்.

கருவிகளின் ஆயுளைக் கொஞ்சம் பார்ப்போம். 2006இல் ஜேகுவெரி வந்தபோது அது தெரியாதவனுக்கு வேலை இல்லை என்றார்கள். 2010இல் கூகுள் ஆங்குலர்ஜேஎஸ்ஸைக் கொண்டுவந்தது. 2016இல் அதை அடியோடு மாற்றி எழுதியது. பழையதற்குத் தந்த ஆதரவையும் 2021 கடைசியோடு நிறுத்திக்கொண்டது. ரியாக்டை 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்டது. அதைத் தொடங்குவதற்கென்றே ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்று ஒன்று உண்டு. பல கோர்ஸ்களில் முதல் நாள் பாடமே அதுதான். புதிய வேலைகளுக்கு இனி அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அறிவித்துவிட்டது. நோட்டில் எழுதிக்கொண்ட முதல் பக்கம் அதோடு போயிற்று.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வெறும் எச்டிஎம்எல்லில் எழுதி வெளியிட்ட முதல் வலைப்பக்கத்தின் நகலோ, இன்றைய செல்போனிலும் எந்தச் சிக்கலும் இல்லாமல் திறக்கிறது.

நம் ஊர்க் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். ஆத்தூர், தலைவாசல், பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் குச்சிக்கிழங்கு போடுகிறவர்களுக்குத் தெரியும், ஜவ்வரிசி ஆலைக்காரர் எடையை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று சோதித்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுவார். இந்தக் கணக்கை வலைப்பக்கமாகச் செய்தால், எடை, பாயிண்ட், அன்றைய விலை என்று மூன்று பெட்டிகளும் ஒரு பெருக்கலும் இருந்தால் முடிந்தது. இதற்கு எச்டிஎம்எல்லும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும் போதும். கருமந்துறை மலையில் சிக்னல் ஒரு கோடு மட்டும் நிற்கிற இடத்திலும் சட்டென்று திறக்கும். இதையே ரியாக்டில் எழுதினால், அந்தப் பெருக்கலைப் பார்ப்பதற்கு முன் ஒரு முழு நூலகமே விவசாயியின் போனில் இறங்கியாக வேண்டும். டேட்டா காசு அவருடையது.

சிக்கல் வருவது வேறு இடத்தில். இரண்டு லோடு கிழங்கின் எடையைக் கூட்டச் சொல்லுங்கள். 12 டன்னும் 8 டன்னும் சேர்ந்து 20 ஆகாமல் 128 என்று வந்து நிற்கும். பெட்டியில் தட்டியதை ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகப் பார்த்து ஒட்டிவிடுகிறது. ரியாக்டில் எழுதினாலும் அதே 128தான். ஏன் இப்படி வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குத்தான் ப்ரோகிராமிங் வரும். வேலை விளம்பரங்களில் ரியாக்ட் என்றுதானே போடுகிறார்கள் என்பீர்கள். போடுகிறார்கள், மறுக்கவில்லை. லாரி ஓட்டப் பழகியவனுக்கு லேலண்டிலிருந்து டாடாவுக்கு மாறுவது ஒரு வாரச் சங்கதி. அடிப்படை தெரிந்தவனுக்கு ரியாக்டும் அப்படித்தான், கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். அடிப்படை இல்லாமல் ரியாக்டை மட்டும் மனப்பாடம் செய்தவர் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்விக்கே திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது ‘எல்லாம் ஏஐ எழுதிவிடும்’ என்றொரு பேச்சு வேறு. எழுதட்டும். 128 தவறு என்று கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டுமே.

அந்த ஆள் உருவாகக் கோர்ஸைவிட, தடுமாறும்போது கேட்பதற்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பது முக்கியம். தமிழில் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. படிக்கத் தமிழில் எதுவும் இல்லை என்பதும் சாக்குதான். கணியம் இதழ் 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. து. நித்யா எளிய தமிழில் எழுதிய எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் நூல்களை எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உளுந்தூர்பேட்டையைத் தாண்டினால் வரும் விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுத்தருகிறது. அதுவும் ஐடி நகரம் இல்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் வேலை பார்க்கும் ஆத்தூர்க்காரர்கள் பலர் வார இறுதியில் ஊருக்கு வருகிறார்கள். சிலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளி வகுப்பறையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தால் போதும். பழைய லேப்டாப் நான்கு தேறும். முதல் பாடத்துக்குக் குச்சிக்கிழங்குக் கணக்கு இருக்கிறது. ஃபீஸ் வேண்டாம், டீக்காசைப் பிள்ளைகளே போட்டுக்கொள்வார்கள்.