பராமரிப்பவரைப் பராமரிப்பது யார்?



செல் வீச்சில் காலை இழந்த கணவரையோ, படுக்கையை விட்டு எழும்ப முடியாத பிள்ளையையோ ஆண்டுக்கணக்காகப் பராமரிக்கும் உங்களுக்குச் சோர்வு என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. அதே பராமரிப்பைத் தொழிலாகச் செய்பவர்களைப் பற்றி இம்முறை எழுதுகிறேன்.

பதுளை மாவட்டத்தில் பசறை, நமுனுகுல பகுதித் தோட்டங்களில், விசேட தேவையுடைய பிள்ளைகளை வீடு தேடிச் சென்று பார்க்கும் சிகிச்சையாளர்களுடன் நான் வேலை செய்கிறேன். சமுதாயம் சார் புனர்வாழ்வு என்னும் இம்முறை இலங்கையில் 1994இல் தேசிய நிகழ்ச்சித்திட்டமாக ஆரம்பிக்கப்பட்டது. வைத்தியசாலைக்கு வர இயலாதவரிடம் சேவை போகவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் மலைநாட்டில் அந்தச் சேவை பஸ்ஸை விட்டு இறங்கி, படியேறி, நடந்தேதான் லயத்துக்குப் போகிறது.

போய்ச் சேரும் நேரம் தாய் கொழுந்து மலையில் இருப்பாள். கூப்பிட்டால் அவளுக்கு அன்று அரைப் பேர்தான் விழும். ஆகவே பாட்டிக்குப் பயிற்சியைக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். மூளைவாதமுள்ள பிள்ளையின் கை கால்களை நாளாந்தம் அசைத்து, சரியான முறையில் உட்கார வைக்காவிட்டால் தசைகள் இறுகிவிடும். சென்ற மாதம் விரிந்த விரல்கள் இம்மாதம் மடங்கியிருக்கும்.

"பிள்ளை எப்ப நடக்கும் என்று தாய்மார் கேட்டால் முன்பெல்லாம் எனக்கு அழுகை வரும் அக்கா. இப்போது ஒன்றுமே வருவதில்லை. அதுதான் பயமாயிருக்கிறது" என்றாள் இயன் மருத்துவராகப் பணிபுரியும் ஒரு தங்கை.

இது கல்மனம் அல்ல, பணிச் சோர்வு. 1974இல் ஹேர்பேர்ட் ஃபிரொய்டன்பேர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதியபோது, நியூயோர்க்கின் இலவச சிகிச்சை நிலையமொன்றில் தொண்டு செய்தவர்களையே உதாரணமாகக் கொண்டார். இது நோயல்ல, சரிவரக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் விளக்கியது. அதன் அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செய்வதால் பயனில்லை என்ற எண்ணம்.

ஆகவே திருத்தவேண்டியது ஆளை அல்ல, வேலை ஒழுங்கை. ஒருவரைத் தனியே அனுப்பாமல் இருவராக அனுப்பலாம். தாய் வீட்டிலிருக்கும் நாளில் போகலாம். எத்தனை வீடு பார்த்தீர்கள் என்று கேட்காமல், மனதில் உள்ளதைப் பேச மாதமொரு முறை நேரம் ஒதுக்கலாம். நடப்பதை மட்டும் வெற்றியாக எண்ணாமல், தலை நிமிர்ந்ததையும் கரண்டி பிடித்ததையும் பதிந்து வைக்கலாம். சிகிச்சையாளர் மனமுடைந்து வேலையை விட்டால், அவர் இடத்துக்குத் தமிழ் பேசும் இன்னொருவர் வரும்வரை இறுகுவது பிள்ளையின் கால்தான்.

உங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்தால், பிள்ளையிடம் கண்ட சிறு மாற்றத்தையும் சொல்லுங்கள். ஒரு கோப்பைத் தேநீரை விட அது அவருக்குப் பெரிது.

அந்த மூன்று அடையாளங்களும் உங்களிடமே தெரிந்தால் மறைக்காதீர்கள். வாரத்தில் ஒரு மணிநேரமாவது பொறுப்பை அயலவரிடமோ உறவினரிடமோ கொடுத்துவிட்டு ஆறியிருங்கள். அது கடமை தவறுவதாகாது. மனம் மிகவும் பாரமானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள்.